'பெர்' நம் 'பெறு'வா?

கேள்வி: சொகோத்ரா தீவில் மகனை 'பெர்' என்கிறார்களாமே? நம் 'பெறு' கப்பலேறிப் போனதுதானே அது?

பதில்: ஆசை எனக்கும் உண்டு, ஆனால் கதை வேறு. ஏமனுக்குச் சொந்தமான அந்தத் தீவின் மொழி சொகோத்ரி. அரபியும் எபிரேயமும் பிறந்த செமிட்டிக் குடும்பம் அதனுடையது. மகன் என்பதற்கு அரபியில் 'இப்ன்', எபிரேயத்தில் 'பென்', அரமேயத்தில் 'பர்'. பைபிளைப் புரட்டுங்கள்: திமேயுவின் மகன் பர்திமேயு. சொகோத்ரியின் 'பெர்' இந்த 'பர்' வரிசையில் நிற்பது. பக்கத்து உறவான மெஹ்ரி மொழியில் ஒரு வேடிக்கை: ஒரு மகன் என்றால் சொல்லில் 'ர்' வரும், பல மகன்கள் என்றால் 'ஹபூன்' என்று 'ன்' எட்டிப் பார்க்கும்! அரமேயத்திலும் இதே கூத்துதான். தமிழிலிருந்து இரவல் வாங்கிய சொல் இப்படித் தன் பங்காளிகளோடு சேர்ந்து ஆடுமா?

'மகன்' வேறு, 'பையன்' வேறு அங்கே. பையன் 'முக்ஷெம்', பெண்பிள்ளை 'ஃபெர்ஹிம்'. இரண்டு பையன்கள் என்றால் ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. இருமைக்கென்றே தனி விகுதி. அன்றாடப் பேச்சு அரபி பல இடங்களில் சுருக்கிக்கொண்டதை இந்தத் தீவு விடவில்லை.

வெகுகாலம் எழுத்து வழக்கே இல்லாதிருந்த மொழி. 1898-99இல் வியன்னாவிலிருந்து போன குழுதான் அதன் கதைகளையும் பாட்டுகளையும் முதலில் விரிவாக எழுதி எடுத்தது. 'பெறு' ஒலி ஒற்றுமை தற்செயல்தான். அடுத்த கேள்வியில் 'முக்ஷெம்' தமிழ் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்!