குழந்தை எதற்காக மன்னிப்புக் கேட்டாள்?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. டிராயிங் சார் பீரியட் முடிந்ததும் தன்னை மட்டும் நிறுத்தி, மடியில் உட்கார வைத்து, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார் என்று போன மாதம் சொன்னாள். பதறிப்போய் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தோம். அவர் சாரையும் கூப்பிட்டு, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து விசாரித்தார். சார் அழுதுவிட்டார், “என் மகள் மாதிரிதான் பார்க்கிறேன்” என்றார். அவரை வேறு வகுப்புக்கு மாற்றிவிடுகிறேன், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று மேடம் சொன்னார். நாங்களும் பெரிதாக்க வேண்டாமென்று, மகளை சாரிடம் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டுக் கிளம்பினோம். இப்போது தினமும் படுக்கையை நனைக்கிறாள், சரியாகப் பேசுவதில்லை. பெண் பிள்ளை பேர் கெட்டுவிடும், ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்கிறார் மாமியார். வருடப் பரீட்சை வரை பொறுப்பதா, இப்போதே டி.சி. வாங்குவதா?

பதில்: டி.சி.யைப் பற்றி அப்புறம் பேசலாம் அம்மா. அரை வரியில் எழுதிவிட்டுக் கடந்து போனீர்களே, மகளை மன்னிப்புக் கேட்க வைத்தோம் என்று, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். எதற்காக மன்னிப்பு? தன் உடம்புக்கு நடந்ததைப் பெற்றவளிடம் வந்து சொன்னதற்கா? ஏழு வயதுக் குழந்தை அதைச் சொல்ல வாயெடுப்பதே பெரிய காரியம். உங்களை நம்பித்தான் சொன்னாள். நீங்கள் அவளை அந்த ஆள் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தி, தப்பு அவளுடையது என்று முடித்துவிட்டு வந்தீர்கள்.

சார் அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் குழந்தை அழுதாளா, பேசினாளா, யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. பெரியவர் ஒருவர் கண் கலங்கினால் நம் வீடுகளில் உடனே பிள்ளையை அடக்கிவிடுகிறோம். பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பதில் எனக்கும் உறுதியான நம்பிக்கை உண்டு. ஆனால் மரியாதைக்காகத் தன் உடம்பை விட்டுக்கொடு என்று எந்தப் பெற்றோரும் சொல்லித் தரக் கூடாது. அன்றைக்கு நீங்கள் சொல்லித் தந்தது அதுதான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் செய்ததற்கு விசாரணை என்று பெயரே கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போதுகூடக் குழந்தையின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவர் படக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீலும் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். அவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது, உங்கள் மகளை அந்த ஆளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள்.

அடுத்தது, வேறு வகுப்புக்கு மாற்றுவது. அந்த வகுப்பில் இருப்பதும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? உங்கள் பெண் தப்பித்தால் போதும் என்று உங்களால் தூங்க முடிகிறதா? இப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. நீங்களும் உங்கள் கணவரும் அதில் அடக்கம். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததைச் சொல்லாமல் விட்ட நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. எழுத்தில் வேண்டாம் என்று மேடம் ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறதா? 2024 ஆகஸ்டில் மும்பைக்குப் பக்கத்தில் பத்லாப்பூரில், பள்ளியில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமைக்காகப் பெற்றோர்கள் தண்டவாளத்தில் இறங்கி உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும், லோக்கல் ரயில் நின்றுபோனது. அங்கேயும் தகவல் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தினர் மேல் வழக்கு வந்தது.

அவர் செய்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது, ஹெட்மிஸ்ட்ரஸாலும் முடியாது. விசாரிக்க வேண்டியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

மாமியாரிடம் நீங்கள் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம், அவர் மகன் பேசட்டும். பாட்டி என்றால் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு “நீ சொன்னது சரி கண்ணு” என்று சொல்லியிருக்க வேண்டும். பேர் கெட வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், அவர் உங்கள் வீட்டில் இல்லை. குழந்தையின் பெயரையோ பள்ளியையோ யாரும் வெளியிட்டு அவளை அடையாளம் காட்டக் கூடாது என்பதும் சட்டம்தான். அதனால் பில்டிங் வாட்ஸ்அப் குழுவில் நீங்களும் ஒரு வரி போடாதீர்கள். அவளை ஊருக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்க வைத்த கையோடு வீட்டைவிட்டும் அனுப்பினால் அந்தக் குழந்தை என்னவென்று நினைக்கும்?

இன்று ராத்திரி நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து அவளிடம் சொல்லுங்கள்: “நீ தப்பே செய்யவில்லை. உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னது நாங்கள் செய்த தப்பு.” அப்பாவும் வாய் திறந்து சொல்ல வேண்டும், அம்மா மட்டும் சொன்னால் போதாது. பிறகு என்ன நடந்தது என்று தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். போன மாதம் அவள் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள். படுக்கை நனைவதற்குக் குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள், நடந்ததை அவரிடம் மறைக்காதீர்கள்.

நாளைக்குக் கணவர் லீவு போடட்டும். இருவரும் போலீஸ் நிலையம் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அவளுடைய வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், கூடிய மட்டும் பெண் அதிகாரிதான் வர வேண்டும், யூனிஃபார்மில் வரக் கூடாது. மராத்தியிலோ இந்தியிலோ சொல்ல அவள் திணறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழில் சொன்னதைத் தமிழிலேயே சொல்லட்டும்.

பள்ளிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஆளை எல்லா வகுப்பிலிருந்தும் விலக்கி வைக்கச் சொல்லி எழுதுங்கள். மகாராஷ்டிரப் பள்ளிகளில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்க சகி சாவித்ரி குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அது உங்கள் பள்ளியில் உண்டா, யார் யார் உறுப்பினர்கள் என்றும் அதிலேயே கேளுங்கள்.

இதெல்லாம் நடந்த பிறகு டி.சி. வாங்குவதா என்று முடிவு செய்யலாம். எந்தப் பள்ளிக்குப் போக விருப்பம் என்று அவளையும் கேளுங்கள். ஸ்டேஷனிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.