ஐந்து பேர் ஆடி நாலு பேர் கணக்கு: அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ் கோல்ஃப், கேள்வி பதில்

அணிக்கு நாலு ஸ்கோர்தான் சேரும் என்றால் ஐந்தாவது பையன் எதற்கு?

ஒரு சுற்றில் ஐவரும் அடித்த அடிகளை (ஸ்ட்ரோக்) எடுத்துக்கொள்ளுங்கள், குறைந்தால் நல்லது: 74, 76, 79, 81, 92. கடைசி 92 கழிந்து அணிக்கு 310. இப்போது 76 அடித்தவன் ஒரு குழியில் 5 அடித்துவிட்டு, கார்டில் 4 என்று இருந்ததைப் பார்க்காமல் கையெழுத்திட்டான் என்று வையுங்கள். அவன் தகுதி நீக்கம். 92 உள்ளே வருகிறது, மொத்தம் 326. ஒரு எண்ணால் 16 அடி போச்சு.

அடித்ததைவிட அதிகமாக எழுதியிருந்தால் தகுதி நீக்கம் இல்லை, ஆனால் கூடிய எண்ணே நிற்கும். மொத்தக் கூட்டல் போட்டிக் குழுவின் வேலை. ஒவ்வொரு குழியின் எண்ணும்தான் உங்கள் பொறுப்பு. மார்க்கரோடு (உங்கள் எண்ணைக் கார்டில் குறிப்பவர்) சேர்ந்து 18 குழியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கம்யூனிட்டி காலேஜ்களின் தேசிய விளையாட்டு அமைப்பான என்ஜேசிஏஏவில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவுக் கல்லூரி தங்குமிடம், சாப்பாடு வரை தரலாம். இரண்டாவதில் கல்விக் கட்டணம், புத்தகம் போன்றவற்றோடு சரி. மூன்றாவதில் விளையாட்டுக்கென்று பணமே இல்லை. கலிஃபோர்னியா தனி அமைப்பு, அங்கும் இல்லை.

கோச் மைதானத்துக்குள் ஆலோசனை சொல்லலாமா?

போட்டி விதி அனுமதித்தால் மட்டும். அனுமதி இல்லாத இடத்தில் ஆட்டக்காரன் கோச்சிடம் எந்த கிளப் (கோல்ஃப் மட்டை) என்று கேட்டால் அவனுக்கு 2 அடி தண்டம்.

ஐந்து பேரும் வெவ்வேறு குழுவில் போவார்கள், எல்லோர் பின்னாலும் ஓட முடியாது. அனுபவமுள்ள கோச் கடினமான பார்-3 டீயில் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழியின் தொடக்க இடம்) நின்றுவிடுவார். முதல் ஆளின் பந்து காற்றில் எவ்வளவு தூரம் குறைந்தது என்று பார்த்தால் பின்னால் வரும் நால்வருக்கும் அது பயன்படும்.

இடைமறிக்கிறேன். கோச் சொல்லி ஆடிப் பழகியவன் பல்கலைக்கழகம் போனதும் திணறுவான்.

அங்கும் கோச்சுகள் இதையேதான் செய்கிறார்கள். கெடுப்பது ஆலோசனை அல்ல, அதன் வரிசை. மாணவன் முதலில் தூரம், காற்று, கிளப் மூன்றையும் சொல்லட்டும். தப்பாக இருந்தால் மட்டும் கோச் வாய் திறக்கட்டும்.

ஸ்விங்கையும் (மட்டையை வீசும் விதம்) அங்கேயே திருத்தினால் என்ன?

கூடவே கூடாது. சுற்றின் நடுவே கிரிப்பை மாற்றினால் அடுத்த ஆறு குழியும் பையன் கையைப் பற்றித்தான் யோசிப்பான். அது செவ்வாய்க்கிழமை ரேஞ்சில் (பயிற்சித் திடல்) நடக்க வேண்டிய வேலை.

நானும் விடமாட்டேன். அப்படியானால் கோச் எதற்குக் கூடவே வர வேண்டும்?

டபுள் போகி (குறித்த அடியைவிட இரண்டு கூட) அடித்தவனை அடுத்த டீ வரை பேச்சுக் கொடுத்து நடத்திக் கூட்டிப்போக. தண்ணீர், வாழைப்பழம் கொடுக்க. 'கொடியைக் குறிவைக்காதே, கிரீன் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்வெளி) நடுவே அடி' என்று சொல்ல. வாதம் போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

40 நிமிடம் 3 முதல் 6 அடி தூரப் பட்டிங் (பந்தைக் குழிக்கு உருட்டுவது). 40 நிமிடம் 30 முதல் 80 யார்டு வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் கிளப்). மீதியில் டிரைவரும் (நீண்ட தூர கிளப்) ஓர் அயர்னும் (இரும்புத் தலை கிளப்), ஒவ்வொரு பந்துக்கும் இலக்கை மாற்றி. ஒரே கிளப், ஒரே இலக்கு, 50 பந்து என்றால் ரேஞ்சில் ஜோராக இருக்கும். மைதானத்தில் ஒரே அடி இரண்டு முறை வராது.

லேசர் தூரமானி?

தூரம் பார்க்கலாம். ஏற்ற இறக்கம் கணக்கிடும் 'ஸ்லோப்' வசதியைப் பயன்படுத்தினால் முதல் முறை 2 அடி தண்டம், மறுபடி செய்தால் வெளியேற்றம். முதல் டீக்கு முன்பே அணைத்துவிடுங்கள்.

ஸ்காலர்ஷிப் பற்றி…

மேலே இருக்கிறது.

இங்கே ஆடி யாராவது பெரிய ஆளாகியிருக்கிறார்களா?

பப்பா வாட்சன். அலபாமாவின் ஃபாக்னர் ஸ்டேட் கம்யூனிட்டி காலேஜ், பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகம், பிறகு 2012, 2014 மாஸ்டர்ஸ் பட்டங்கள்.

14 கிளப்தான் அனுமதி, பையில் 15 இருந்துவிட்டால்?

அப்படி ஆடிய ஒவ்வொரு குழிக்கும் 2 அடி, சுற்றுக்கு உச்சம் 4. பயிற்சிக்கு எடுத்த இரண்டாவது பட்டிங் கிளப் பையிலேயே கிடந்துவிடுவதுதான் வழக்கம். தண்டத்தை அந்தந்தக் குழியின் எண்ணில் சேர்த்து எழுதினானா என்று கார்டில் பாருங்கள்.