ஒன்பதேகால் மணிச் செய்தி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை. 2025 மே மாதம், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தானோடு நடந்த அந்தச் சில நாள் சண்டையின்போது இது ஆரம்பித்தது. மாமனார் டிவியை அணைக்கவே விடவில்லை. ராத்திரி முழுக்க சைரன் சத்தம். கராச்சி போயிற்று, இஸ்லாமாபாத் போயிற்று என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை நின்றுவிட்டது, எனக்குள் நிற்கவில்லை. அப்புறம் ஈரான், காசா, உக்ரைன் என்று ஒன்று மாற்றி ஒன்று. இடிபாட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு அப்பாவின் வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்றே தெரியாது. நடுராத்திரி விழிப்பு வந்தால் கை தானாகப் போனைத் தேடுகிறது. எங்கள் வீடு விமான நிலையத்துக்குக் கிட்டத்தில். விமானம் தாழப் பறந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

கணவர், "அதையெல்லாம் பாக்காத, விடு" என்கிறார். பார்க்காமல் இருந்தால் சுயநலமாகப் படுகிறது. அங்கே பிள்ளைகள் சாகும்போது நான் நிம்மதியாகத் தூங்கினால் நான் என்ன மனுஷி? நேற்று என் ஏழு வயது மகள், "நம்ம வீட்டு மேலயும் குண்டு போடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் நீங்கள் சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களிடம் பயமும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது. பயம் உங்கள் வீட்டைப் பற்றியது, துக்கம் அந்த அப்பாவைப் பற்றியது. போன் இரண்டையும் ஒரே திரையில், ஒரே விரல் தள்ளலில் கொண்டுவந்து கொட்டுவதால் எது எது என்று பிரியாமல் கிடக்கிறது. பயத்தைக் குறைக்க வழி இருக்கிறது, கட்டாயம் குறைக்கத்தான் வேண்டும். துக்கத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

முதலில் பயம். மே 8 ராத்திரி உங்கள் மாமனார் பார்த்ததை நானும் பார்த்தேன். கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை அழித்துவிட்டது என்று பெரிய பெரிய சேனல்களே சொல்லின. விடிந்தால் துறைமுகம் அங்கேயே இருந்தது. சமூக வலைத்தளங்களில் சுற்றிய காட்சிகளில் சில 'ஆர்மா 3' என்ற வீடியோ கேமிலிருந்து எடுத்தவை. அந்த விளையாட்டின் காட்சிகள் இதற்கு முன்பே உக்ரைன் போராகவும் காசா போராகவும் வேஷம் கட்டியவைதான். சைரனுக்கு வருவோம். மே 10-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகத்தின் குடிமைப் பாதுகாப்புப் பிரிவு, நிகழ்ச்சிகளில் வான்தாக்குதல் சைரன் ஒலியைப் போடாதீர்கள் என்று சேனல்களுக்கு எழுத வேண்டி வந்தது. இப்படி ஓயாமல் ஒலித்தால், நிஜமாகவே சைரன் ஒலிக்கும்போது மக்கள் டிவி என்று நினைத்து அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. ஆக, உங்கள் வரவேற்பறையில் ஒலித்த சைரன் ஸ்டுடியோவில் ஒருவர் பொத்தானை அழுத்தி எழுப்பியது. அதற்கு உங்கள் உடம்பு மட்டும் நிஜமாகப் பதறியிருக்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் அதன்பின் 4,675 பேரிடம் விசாரித்தார்கள். குண்டுவெடிப்புக்கு அடுத்த வாரத்தில் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களிடம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன உளைச்சல் தெரிந்தது. 'ஏற்கெனவே பயந்த சுபாவம் உள்ளவர்கள்தானே அப்படி விழுந்து விழுந்து பார்த்திருப்பார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதே குழுவினர் சில வருடம் தொடர்ந்து விசாரித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கும் பதில் சொல்கிறது: இரண்டும்தான். செய்தி பார்த்துக் கலங்கியவர்கள் அடுத்து என்ன வருமோ என்று கவலைப்பட்டார்கள், அடுத்த சம்பவம் வந்தபோது இன்னும் அதிகம் பார்த்தார்கள், இன்னும் கலங்கினார்கள். உங்கள் ஈரான், காசா, உக்ரைன் வரிசை அந்த வட்டம்தான்.

போருக்குள்ளேயே இருப்பவர்கள் எப்படிச் செய்தி கேட்டார்கள் என்று எனக்குச் சொன்னவர் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர். 1990-இல் சண்டை மறுபடி மூண்டபோது அங்கே மின்சாரம் போனது, பிறகு வருடக்கணக்கில் வரவில்லை. ரேடியோவுக்கு பேட்டரி போடலாம் என்றால் பேட்டரியும் தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கு எரித்த காலம். ஆனால் பிபிசி தமிழோசை இரவு ஒன்பதேகாலுக்கு வரும், அதைக் கேட்டாக வேண்டும். என்ன செய்தார்கள் என்றால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள்.

"சுத்தினது நான்தான். அப்ப எனக்குப் பதினொரு வயசு இருக்கும். கை உளைஞ்சு கொஞ்சம் மெதுவாச் சுத்தினா ஆனந்தியின்ர குரல் இழுபடும். அப்பா ஏசுவார்," என்றார் நண்பர். ஆனந்தி, தமிழோசையில் அப்போது ஒலித்த குரல். செய்தி முடிந்த பிறகு? "பிறகென்ன, அதோட சரி. பாட்டுக் கேக்கிறதெண்டாலும் ஆர் சுத்துறது?"

நான் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, குறித்த நேரத்தில், உடம்பு நோகச் சம்பாதித்துக் கேட்ட செய்தி அது. அதை வைத்து முடிவெடுத்தார்கள். நாளை எந்தப் பாதை திறந்திருக்கும், அக்காவை எந்த ஊருக்கு அனுப்பலாம், அரிசி இன்னும் கொஞ்சம் வாங்கி வைக்க வேண்டுமா. செய்தி முடிந்தால் எழுந்துபோய் ஏதாவது செய்ய இருந்தது. முற்றத்தில் பங்கர் வெட்டி, பனங்குற்றிகளை மேலே அடுக்கி, மண்மூட்டை போட்டார்கள். மழை பெய்தால் உள்ளே தேங்கும் தண்ணீரை இறைத்தார்கள். சத்தத்தை வைத்தே வருவது எந்த விமானம், புக்காராவா, சகடையா, இல்லை ஹெலிகாப்டரா என்று சிறுபிள்ளைகள்கூடச் சொன்னார்கள். எதற்கு ஓட வேண்டும், எதற்குச் சும்மா படுத்திருக்கலாம் என்ற கணக்கு அது. அவர்கள் பயப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் என் நண்பர் பேச்சை நிறுத்திவிட்டு அது போகும்வரை மேலே பார்ப்பார். ஆனால் அந்தப் பயத்துக்குப் போக ஓர் இடம் இருந்தது. நடுராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்க்கும் உங்களுக்கு வெட்டுவதற்கு ஒரு பங்கர் இல்லை. உடம்பு ஓடத் தயாராகிறது, ஓட வேண்டிய இடம் எதுவும் இல்லை, அதனால் விரல் அடுத்த வீடியோவுக்கு ஓடுகிறது.

ஆகவே உங்களுக்கும் ஓர் ஒன்பதேகால் வேண்டும். ராத்திரி வேண்டாம், தூக்கம் கெடும். காலையில் காப்பியோடு நாளிதழ் படியுங்கள். வீடியோ பார்க்காமல், படியுங்கள். அச்சில் வந்த செய்தி சைரன் அடிக்காது, தானாக அடுத்ததற்குத் தாவாது. போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, அலாரத்துக்கு ஒரு மலிவான கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். செயலிகளில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி இருக்கிறது, மகளையோ மாணவர்களையோ கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள். மாமனார்தான் சிக்கல். மாமனாரை மாற்ற எந்த எழுத்தாளனாலும் முடியாது. ஏழு மணிச் செய்தியை அவர் பார்க்கட்டும், மீதி நேரம் சீரியலுக்கு மாற்றிவிடப் பாருங்கள். அதில் செத்தவர்கள் அடுத்த மாதம் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

இனி அந்தக் குற்றவுணர்ச்சி. பார்க்காவிட்டால் சுயநலம் என்கிறீர்கள். அந்த அப்பாவின் வாழ்க்கையிலேயே மோசமான அரைமணி நேரம் அது. முதல் தடவை பார்த்தபோது உங்களுக்கு ஒன்று தெரியவந்தது. பத்தாவது தடவை பார்ப்பதால் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடப் போய்ச் சேரவில்லை, உங்களுக்கும் புதிதாக எதுவும் தெரியவில்லை. காசா வெறும் 365 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. அதற்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் 1948-இல் சொந்த ஊர்களிலிருந்து விரட்டப்பட்டும் தப்பியோடியும் வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்த வீடியோ இதைச் சொல்லாது. அந்த அப்பா மேல் உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்றால் அவர் ஊரின் வரலாற்றை ஒரு மாதம் உட்கார்ந்து படியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அது நோய் இல்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வீடு விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் என்றால் கொட்டப்பட்டும் கிட்டத்தில்தான். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போரிலிருந்து தப்பி வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத அவர்கள் பிள்ளைகளும் வாழும் இடம். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை, அவர்கள் காட்சிப் பொருள் இல்லை. ஆனால் நீங்கள் ஆசிரியை. முகாம் பிள்ளைகளில் யாருக்காவது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கிலோ ஆங்கிலத்திலோ உதவி தேவைப்படலாம். 1984-லிருந்து முகாம் மக்களிடையே, அவர்களில் ஒருவராகவே இருந்து வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், உங்கள் மனநிம்மதிக்காக யாரும் பாடம் படிக்க வேண்டியதில்லை. வேண்டும் என்றால் சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம். காசாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் துக்கத்துக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

மகளிடம் பொய் சொல்ல வேண்டாம், பாடமும் எடுக்க வேண்டாம். முதலில் அவளிடம் கேளுங்கள், என்ன பார்த்தாய், யார் சொன்னார்கள் என்று. பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சின்னதாக, வேறு மாதிரியாக ஏதாவது இருக்கும். பிறகு, "இங்க இப்ப சண்டை இல்ல. வேற ஊர்ல நடக்குது. எது வந்தாலும் அம்மாவும் அப்பாவும் உன்கூடத்தான் இருப்போம்" என்று சொன்னால் போதும். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், டிவியை அல்ல.

அப்புறம் விமானச் சத்தம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, ஷார்ஜா என்று விமானங்கள் போகின்றன. கால அட்டவணையை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். சத்தம் கேட்டதும் அது எந்த விமானம், எந்த ஊருக்குப் போகிறது என்று நீங்களும் மகளும் யார் முதலில் சொல்கிறீர்கள் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் உயிருக்காகக் கற்றதை நீங்கள் விளையாட்டாகவே செய்யலாம். பெயர் தெரிந்த சத்தத்துக்கு நெஞ்சு அவ்வளவாக அடித்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் செய்தும் இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால், அல்லது வகுப்பில் நின்று பாடம் எடுப்பதே பாரமாக இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். கணவரையும் கூட அழைத்துப் போங்கள். உடனே போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நடுராத்திரி போனை எடுக்கத்தான் வேண்டும் என்றால் அந்த எண்ணை அழுத்துவதற்கு எடுங்கள்.

அன்புடன்.