மினி டிராக்டர பிக்கப்ல ஏத்துறது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு ஓட்டுறதுக்கு மினி டிராக்டர வாடகைக்கு விட்டுட்டு இருக்கேன், 11 வருஷம் ஆச்சுங்க. இன்னைக்கு ஆனைமலை, நாளைக்கு கிணத்துக்கடவுன்னு வாரத்துக்கு நாலு தடவையாவது ஏத்தி இறக்குறோம். கேட்டதுல எனக்குத் தெரிஞ்சதுக்கு மட்டும் பதில். மானியம் பத்தி கேட்ட ஆறு பேருக்கும் சேத்து ஒரே பதில்: உழவன் செயலிய பாருங்க, இல்லீன்னா உங்க ஊர் வேளாண் பொறியியல் துறை ஆபீசுக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்க, என்னைய கேக்காதீங்க.

உடுமலை தம்பி: அண்ணா, புதுசா 24 எச்பி வாங்கிருக்கோம், பிக்கப்ல ஏத்தணும். ராம்ப் (ஏத்தறதுக்கு சாய்ச்சுப் போடற பலகை) எத்தன அடில அடிக்கறது? வெல்டிங் பட்டறைக்காரர் 6 அடி போதும்ங்கறார்.

6 அடி வேண்டாம் தம்பி. பிக்கப்போட தளம் தரையில இருந்து 3 அடின்னு வச்சுக்கோ. 6 அடி ராம்ப் போட்டா சரிவு 30 டிகிரி, அது ராம்ப் இல்ல ஏணி. 8 அடின்னா 22 டிகிரி கிட்ட வரும், 10 அடிக்கு பதினேழரை, 12 அடிக்கு 14 சொச்சம். நான் வச்சிருக்கறது 10 அடி, அதுக்குக் கொறஞ்சு எவன் ராம்ப்லயும் ஏத்தமாட்டேன். நீளம் கூடக்கூட வளையும், அதனால சி சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) கனமா போடச் சொல்லு, நடுவுல ஒரு முட்டுக்காலும் வை. மினி டிராக்டர் 600 கிலோவுல இருந்து ஒரு டன் வரைக்கும் இருக்கு, பின்னால மாட்டற உழவுக் கருவி ரோட்டவேட்டர் தனி எடை, அதுல பாதிக்கு மேல பின் டயர் ரெண்டுலதான் உக்காரும். ஒவ்வொரு ராம்ப்பும் தனியா முழு எடையத் தாங்கற மாதிரி அடிச்சா ராத்திரி தூக்கம் வரும். மேல டயர் பிடிக்க குறுக்குக் கம்பி வெல்டு வைக்கணும், வழவழன்னு தகடு மட்டும் போட்டா மழையில சோப்பு மாதிரிதான்.

இனி முக்கியமானது. ராம்ப்போட தலைய வண்டியோட சேத்து சங்கிலி போட்டு கட்டோணும், ரெண்டு பக்கமும். டயர் ஏறும்போது தன்ன முன்னால தள்றதுக்கு ராம்ப்ப பின்னால ஒதைக்குது, கொக்கி மட்டும் மாட்டிருந்தா ஒரு குலுங்கல்ல கழண்டு எகிறிடும். நான் தொழிலுக்கு வந்த புதுசுல இரவல் ராம்ப்ல, சங்கிலி இல்லாம ஏத்தி, இடது ராம்ப் பின்னால பறந்து கூட நின்ன பையனோட மொளங்கால்ல அடிச்சுது, 14 தையல். டிராக்டர் ஒரு சக்கரம் தொங்கிட்டு சைடு கதவுல சாஞ்சு நின்னுது. தப்பு என்னோடதுதான், அன்னைல இருந்து யார் ஏத்தறதப் பாத்தாலும் மொதல்ல சங்கிலியத்தான் பாப்பேன்.

பல்லடம்: டாடா ஏஸ்ல ஏத்தலாமா?

ஏஸ் ஏத்தற எடை மாடலப் பொறுத்து 750 கிலோ கிட்ட, தளம் நீளம் சுமாரா 2.2 மீட்டர். ரோட்டவேட்டரோட உங்க டிராக்டர் எடையையும் நீளத்தையும் பாத்து நீங்களே சொல்லுங்க.

கோபி அம்மணி: அப்பாவுக்கு வயசாயிடுச்சு, ஏத்தறப்ப நான் தனியாதான் இருப்பேன். ஒரு ஆளே ஏத்த முடியுமாங்ணா?

ஏத்த முடியும் அம்மணி, ஆனா ஏத்தாதீங்க. பக்கத்துக் காட்டுல இருந்து ஒருத்தர கூப்பிட்டுக்குங்க. அவரு ராம்ப்புக்குப் பின்னாலயோ ரெண்டு ராம்ப்புக்கு நடுவுலயோ நிக்கவே கூடாது, பக்கவாட்டுல பத்தடி தள்ளி நின்னு சக்கரம் நேரா வருதான்னு மட்டும் பாக்கணும். கையில ஒரு மரக்கட்டை இருக்கட்டும். இன்னொரு யோசனை, உங்க பக்கம் வாய்க்கால் கரை இருக்குமே, பிக்கப்ப கீழ பள்ளத்துல நிறுத்தி பின்பக்கத்த கரையோட ஒட்டிட்டா தளத்துக்கும் கரைக்கும் ஒரு அடி வித்தியாசம்கூட இருக்காது, சின்னப் பலகையே போதும். எங்க தாத்தா காலத்துல மாடு ஏத்தினதும் அப்படித்தான். கரை ஓரம் மட்டும் ஈரமா இருந்தா வேண்டாம், சரிஞ்சுடும்.

ஏறறதுக்கு முன்னாடி பிரேக் பெடல் ரெண்டையும் சேத்து லாக் போட்டாச்சான்னு பாருங்க. உழவுல திரும்பறதுக்காக பிரிச்சு விட்டுருப்பாங்க, ராம்ப் மேல ஒத்தப் பெடல மிதிச்சா டிராக்டர் ஒரு பக்கமா இழுத்து ராம்ப்ப விட்டு கீழ எறங்கிடும்.

ஒட்டன்சத்திரம்: தென்னமரத்த ரெண்டா பொளந்து போட்டு ஏத்தறோம், சரியா?

காஞ்ச பனையா இருந்தா கூட யோசிப்பேன். தென்னை உள்ள பஞ்சு. வேண்டாம்.

சூலூர்: ஏஸ்ல...

மேல பாருங்க.

தாராபுரம் லாரிக்கார அண்ணன்: நீங்க ரிவர்ஸ்லதான் ஏத்தணும்னு வேற ஒருத்தர்கிட்ட சொன்னதா கேள்விப்பட்டேன். 20 வருஷமா முன்பக்கமாத்தான் ஏத்தறேன், ஒண்ணும் ஆனதில்ல. கழுத்த திருப்பிட்டு பத்தடி பலகை மேல ரிவர்ஸ் போறதா பாதுகாப்பு?

அண்ணா, உங்க அனுபவத்துக்கு ஒரு கும்பிடு, ஆனா ஆகலங்கறதும் ஆகாதுங்கறதும் ஒண்ணில்ல. முன்பக்கமா மேடு ஏறறப்ப எடை பூராவும் பின்னால வருது, முன் சக்கரம் லேசாயிடுது. அதோட இஞ்சின் பின் அச்ச சுத்தறப்ப சக்கரம் மாட்டிக்கிச்சுன்னா சக்கரத்துக்குப் பதிலா டிராக்டரே அச்ச சுத்தி மேல எந்திரிக்கும். பின்னால ரோட்டவேட்டர் வேற தொங்குது, கிளட்ச படக்குன்னு விட்டா முடிஞ்சுது. பின்னால கவுர்றதுக்கு ஒன்றரை செகண்டு போதும், முக்கால் செகண்டு தாண்டினாலே திருப்ப முடியாது, நம்ம கால் கிளட்சுக்குப் போறதுக்குள்ள ஆயிடும். ரிவர்ஸ்ல ஏறினா கனமான பக்கம் மேல இருக்கு, இஞ்சின் சுத்தற விசை முன் சக்கரத்த தரையோட அமுக்குது, கவுற வழியில்ல.

லாரிக்கார அண்ணன்: ரிவர்ஸ்ல பின் டயர் லேசாகி வழுக்குமே, அத சொல்லலையே?

அவரு கேட்டதும் ஈரோட்டு மெக்கானிக் ஒருத்தரும் சேந்துக்கிட்டாரு: "பெரும்பாலான மினி டிராக்டர்ல பிரேக் பின் சக்கரத்துல மட்டும்தான். ரிவர்ஸ்ல பாதி ஏறி இஞ்சின் நின்னுச்சுன்னா பின் டயர் லேசா இருக்கறதால, பிரேக் புடிச்சும் சக்கரம் சுத்தாமயே சறுக்கிட்டு வரும்."

ரெண்டு பேரும் சொல்றது சரி, நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். அதனாலதான் 4 வீல் டிரைவ் லீவர போட்டுட்டுத்தான் ராம்ப்ல கால் வைக்கணும், ஏறவும் சரி எறங்கவும் சரி. லீவர் விழுந்திருந்தா முன் சக்கரமும் கியரோட சேந்து பிடிக்கும், பிரேக்கும் நாலு சக்கரத்துக்கும் போன மாதிரி. 2 வீல் டிரைவ் டிராக்டரா இருந்தா ரோட்டவேட்டர கழட்டாதீங்க, ரிவர்ஸ்ல அந்த எடைதான் பின் டயர அமுக்கும், சரிவையும் கொறைங்க, 12 அடி இல்லாட்டி கரை.

அண்ணனுக்கு ஒரு எடம் விட்டுத்தரேன். 4 வீல், பின்னால கருவி எதுவும் இல்ல, முன்னால வெயிட் பிளேட் போட்டிருக்கு, ராம்ப் 10 அடிக்கு மேல: இந்த நாலும் இருந்தா முன்பக்கமா இருக்கறதுலயே கொறஞ்ச லோ கியர்ல ஏறலாம். ரோட்டவேட்டர் தொங்குனா ரிவர்ஸ்தான், இதுல பேரம் இல்ல.

லாரிக்கார அண்ணன்: சரி, எறங்கறப்ப?

ரிவர்ஸ்ல ஏத்தினத முன்பக்கமா எறக்கணும், முன்பக்கமா ஏத்தினத ரிவர்ஸ்ல எறக்கணும், கனமான பக்கம் எங்க இருக்குதுங்கறது மாறாது. ஆனா ரிவர்ஸ்ல எறங்கறப்ப வேகம் புடிச்சு சடார்னு பிரேக் அடிச்சா முன்பக்கம் தூக்கும், அதனால லோ கியர்ல இஞ்சினே புடிச்சுட்டு வரட்டும். கிளட்ச மிதிக்காதீங்க, மிதிச்சா இஞ்சின் பிடி போயிடும், அப்புறம் டிராக்டர் உங்க பேச்ச கேக்காது.

லாரிக்கார அண்ணன்: ரோட்டவேட்டர் இருந்தா ரிவர்ஸ், ஒத்துக்கறேன். மத்தபடி என் வழி என்னோட.

சரிங்ணா. சங்கிலி மட்டும் போடுங்க.

கரூர்: பாதில இஞ்சின் நின்னா என்ன பண்றது?

பிரேக்க நல்லா மிதிங்க, கிளட்ச தொடாதீங்க, கியர் அப்படியே இருக்கட்டும். கூட இருக்கறவர் பக்கவாட்டுல இருந்து சக்கரத்துக்கு கட்டை அண்டை குடுக்கட்டும். ஸ்டார்ட் பண்ணி திரும்ப ஏற முயற்சி பண்ணாதீங்க, மெதுவா கீழ எறக்கி மறுபடி முதல்ல இருந்து.

பழனி: ரிவர்ஸ்ல போனா ரோட்டவேட்டர் ராம்ப்ல இடிக்குது.

முழுசா தூக்குங்க. அப்பவும் இடிச்சா ராம்ப் சின்னது.

மேட்டுப்பாளையம்: கவுந்தா ஆள நசுக்காம இருக்க மேல கம்பி இருக்கு, மடக்கி வச்சிருக்கோம், மரக்கிளை இடிக்குதுன்னு.

ஏத்தறப்ப நிமித்தி வச்சு பெல்ட் போடுங்க. கம்பியே இல்லாத டிராக்டர்னா பெல்ட் போடாதீங்க, கவுந்தா குதிக்கவாவது முடியணும்.

திண்டுக்கல்: ஏத்தினதுக்கு அப்புறம் கயிறு போட்டா போதுமா?

நைலான் கயிறு இழுபடும். ராட்செட் பெல்ட் இல்லாட்டி சங்கிலி, முன்னால ரெண்டு பின்னால ரெண்டு, அச்சுலயோ சேசிஸ்லயோ கட்டுங்க, ஸ்டீரிங் ராடுல கட்டாதீங்க. ரோட்டவேட்டர தளத்துல எறக்கி வச்சிடுங்க, கியர்ல விட்டு ஹேண்ட்பிரேக் போடுங்க. ஏழெட்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி திரும்ப இறுக்குங்க, கட்டாயம் தளர்ந்திருக்கும்.

காங்கேயம்: ஏத்தறப்ப பிக்கப்போட முன்பக்கம் தூக்குது.

டிராக்டரோட மொத்த எடையும் வால்ல நிக்கிற நேரம் அது, தூக்கத்தான் செய்யும். தளத்தோட பின் முனைக்குக் கீழ ரெண்டு மரக்கட்டை முட்டு குடுங்க, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு. டிரெய்லர்ல ஏத்தறவங்க அத இழுக்கற வண்டில இருந்து கழட்டி வச்சு ஏத்தவே கூடாது, மூக்கு நட்டுக்கிட்டு நிக்கும்.

அவிநாசி: அண்ணா ஏஸ்ல 18 எச்பி...

750. இதோட ஏஸ் கேள்விக்கு மூணாவது தடவ.

உடுமலை தம்பி (மறுபடி): அண்ணா, அதுக்குள்ள பழைய 8 அடி ராம்ப் கெடச்சுது, ஏத்திட்டோம்! ரிவர்ஸ்லதான், 4 வீல் போட்டு. ஒண்ணும் ஆகல.

சங்கிலி?

உடுமலை தம்பி: ஒரு பக்கம் போட்டோம்ணா. இன்னொன்னு கெடைக்கல.

எறக்கறதுக்குள்ள வாங்கிட்டு வா. ஹார்டுவேர் கடை எட்டரைக்குத்தான் சாத்துவான். நான் தோப்புக்குத் தண்ணி மாத்திவிடப் போறேன், கரண்ட் வந்திருச்சு.