பட்டா அண்ணன் பெயரில் இருந்தால் அடமானத்துக்குப் போதுமா?

அடமானக் கடன் ஆலோசகராகப் பயிற்சியில் இருப்பவர் கேட்டிருக்கிறார்: பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் அப்பாரு காலத்துத் தென்னந்தோப்பை அடமானம் வைக்க வருகிறார், பட்டா அவர் பெயரில் இருக்கிறது, போதுமா?

போதாதுங்க. பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான். உரிமைக்குப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். முதலில் "கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?" என்று கேளுங்கள். "தங்கச்சிக்குத்தான் சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே" என்பார். சிக்கலே அங்கேதான். சீர் செய்ததால் பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே சமபங்கு. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. இல்லையென்றால் தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும், அல்லது அவரும் அடமானத்தில் சேர வேண்டும். வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்தைக் காட்டுவார்கள், மயங்காதீர்கள்.

அப்புறம், தோப்பு விவசாய நிலம். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்வது சர்ஃபாசி சட்டம்; அதன் 31-ஆவது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு தருகிறது. தவணை நின்றால் 60 நாள் நோட்டீஸ் விட்டு வங்கி நேரடியாகக் கைப்பற்ற முடியாது, வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும். தோப்பு என்றதும் மேனேஜர் முகம் சுருங்குவது இதனால்தான்.