வாசகர் கேள்வி பதில்: மாட்டிக்கொண்டவர்களும் பசியோடு இருப்பவையும்

கேள்வி: சுறா, முதலை, புலி என்று ஏதாவது ஒன்றிடம் சிலர் மாட்டிக்கொண்டு தவிக்கும் படங்களை விடாமல் பார்க்கிறேன். சிலது நகம் கடிக்க வைக்கிறது, சிலது கொட்டாவி விட வைக்கிறது. விலங்கு ஒன்றுதானே, எங்கே உதைக்கிறது?

பதில்: விலங்கை விடுங்கள், ஒளிந்துகொள்ளும் இடத்தைப் பாருங்கள். நல்ல படத்தில் அந்த இடம் காப்பாற்றவும் செய்யும், ரொம்ப நேரம் இருக்கவும் விடாது. 2016-இல் வந்த 'த ஷாலோஸ்' படத்தில் அலைச்சறுக்கு வீராங்கனை ஏறிக்கொள்ளும் பாறை, கடல் வற்றியிருக்கும்வரைதான் வெளியே தெரியும், ஓதம் ஏறினால் முழுகிவிடும் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு சுறா வராத நிமிடங்களிலும் நிம்மதி இல்லை. 'க்ரால்' (2019) இன்னும் கெட்டிக்காரத்தனம். புயலில் அப்பாவும் மகளும் வீட்டின் அடித்தள இடுக்கில் சிக்குகிறார்கள், குழாய்களுக்குப் பின்னால் போய்விட்டால் முதலை நுழைய முடியாது, சரி, அங்கேயே இருக்கலாம் என்றால் வெள்ளம் ஏறிக்கொண்டே வருகிறது. 'கூஜோ'வில் (1983) வெறும் நாய்தான், வெறி பிடித்த நாய். வெளியே அது, பழுதான காருக்குள் அம்மாவும் சின்னப் பையனும், மேலே கொளுத்தும் வெயில். கடித்துக் கொல்வதற்கு முன்னால் கார் கொன்றுவிடுமோ என்று பதறுகிறோம். கொட்டாவி வரும் படங்களில் இந்தக் கெடு இருக்காது, ஒவ்வொருத்தராக வெளியே போய்ச் சாவார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: 'ஜாஸ்' படத்தில் சுறாவை ரொம்ப நேரம் காட்டாததற்குக் காரணம் இயந்திரக் கோளாறு என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஸ்பீல்பெர்க் நிஜக் கடலிலேயே எடுத்தார், உப்புத் தண்ணீரில் இயந்திரச் சுறா அடிக்கடி படுத்துக்கொண்டது. அதனால் மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களும் ஜான் வில்லியம்ஸின் இசையும் சுறாவுக்குப் பதிலாக நடித்தன. 1975-இல் வந்தது. இன்றைக்கு கிராபிக்ஸ் ஒருபோதும் பழுதாவதில்லை, அதுதான் வினை, முதல் காட்சியிலேயே பல்லையெல்லாம் காட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: நிஜ விலங்கை வைத்தே எடுத்த படங்கள் உண்டா?

பதில்: 'ஓப்பன் வாட்டர்' (2003) நிஜச் சுறாக்களுக்கு நடுவே எடுத்தது. கடலுக்கடியில் நீந்தப் போன தம்பதியைப் படகு கடலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். ஆஸ்திரேலியப் படமான 'பிளாக் வாட்டர்' (2007) நிஜ முதலைக் காட்சிகளைச் சேர்த்து எடுத்தது, சதுப்புநிலக் காட்டில் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பவர்களின் கதை. என் ஓட்டு இரண்டாவதற்கு. முக்கால்வாசி நேரம் கலங்கிய தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

கேள்வி: முதலையின் வாயைக் கையாலேயே இறுக்கிப் பிடித்துவிடலாம் என்பது நிஜமா, சினிமா உடான்ஸா?

பதில்: வாயை மூடும் தசைக்குத்தான் அசுர பலம், திறக்கும் தசை பலவீனமானது, எனவே நிஜம்தான். ஆனால் நீங்கள் பிடிக்கும்போது அது வாயை மூடியிருக்க வேண்டும், அதோடு வாலும் உடம்பும் சும்மா இருக்க வேண்டும்.