இளையோர் தலைமைப் பயிற்சி முகாம்: கேள்வி பதில்

மதுரை வட்டாரத்தில் கோடை விடுமுறைதோறும் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் தங்கல் முகாம் நடத்தி வருகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஐயா, முதல் நாளே குழுத் தலைவர்களை நியமித்துவிட்டால் வேலை சுலபம்தானே? (ஆசிரியை, திருமங்கலம்)

தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன், அம்மா. மேடைப் பேச்சில் பழகிய நால்வரைத் தலைவர்களாக்கினேன். இரண்டாம் நாளிலேயே மற்றவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது குடவோலை முறையைப் பின்பற்றுகிறோம். ஒவ்வொரு காலையும் பானைக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்கிறோம். பெயர் வந்தவர் அன்றைய பொறுப்பாளர். உத்திரமேரூர்ச் சோழர் கல்வெட்டில், வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியவர் ஆகார் என்றொரு விதி உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அந்த விதிதான். அன்றைய பொறுப்பாளர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழுந்து நின்று, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அனைவர் முன்னும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

வாயே திறக்காத பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது, அண்ணா? (தன்னார்வலர், மேலூர்)

பேச வைப்பதையே குறிக்கோளாகக் கொள்ளாதே, தம்பி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் மூன்று நாளாக எந்த விவாதத்திலும் ஒரு சொல் பேசவில்லை. இவளுக்கு முகாம் பயன்படவில்லை என்று என் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். நான்காம் நாள் மதியம் நீர்மோர்ப் பானை இருந்த திண்ணைப் பக்கம் போனபோது, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் வரிசையாகக் கோடுகள் போட்டிருப்பதைக் கண்டேன். யார் யார் குடித்தார்கள், யார் விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோனார்கள் என்று முதல் நாளிலிருந்தே அவள் குறித்து வந்திருக்கிறாள். மறந்தவர்களுக்குத் தானே டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தும் இருக்கிறாள். அப்படிச் செய்யும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதியதை அன்றே அடித்துவிட்டேன். நாம் விவாதத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால், அடுப்படியிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நடக்கும் தலைமை நம் கண்ணில் படாது.

அக்கினி நட்சத்திர வெயிலில் பிள்ளையை நம்பி அனுப்பலாமா? (ஒரு தாய், அனுப்பானடி)

காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை வெளி நிகழ்ச்சி எதுவும் இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் தங்குமிடத்தில் இரவில் பெண் பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அனுப்புங்கள், அம்மா.

வெளியே எங்கே அழைத்துச் செல்கிறீர்கள்? (சோழவந்தான்)

முகாம் மே 1ஆம் தேதியை ஒட்டி அமைந்தால் பக்கத்து ஊர்க் கிராம சபைக்கு. வாக்காளர்களே அதன் உறுப்பினர்கள் என்பதால் பிள்ளைகள் பார்வையாளர்களாக அமர்ந்து, வரவு செலவு படிக்கப்படும்போது யார் எழுந்து கேட்கிறார்கள் என்று கவனிக்கிறார்கள். மற்ற ஆண்டுகளில் தமுக்கத்தை அடுத்த காந்தி நினைவு அருங்காட்சியகம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில்தான் காந்தி அரையாடைக்கு மாறினார். அதை வெறும் செய்தியாகச் சொல்லிவிட்டு நகராமல், 'பிறரைச் செய்யச் சொல்வதற்கு முன் நீ எதை விட்டுக்கொடுப்பாய்?' என்று கேட்கிறேன். பதிலுக்காக அவசரப்படுத்துவதில்லை.

நிறைவு விழாவை எப்படி அமைப்பது? (விடுதிக் காப்பாளர், திருப்பரங்குன்றம்)

சிறப்பு விருந்தினர் உரையை விட்டுவிடுங்கள், ஐயா. அதில் பிள்ளைகள் வெறும் அலங்காரமாகிவிடுகிறார்கள். குழந்தைகளின் பங்கேற்பு எவ்வளவு உண்மையானது என்பதைப் படிப்படியாகக் காட்ட ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் விளக்கிய எட்டுப் படி ஏணியில், பிள்ளைகளை அலங்காரத்துக்கு நிறுத்துவது கீழிருந்து இரண்டாம் படி. அதைப் பங்கேற்பாகவே அவர் கொள்ளவில்லை. எங்கள் முகாமில் சமையலுக்கான பணத்தைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுகிறோம். பெற்றோருக்கான விருந்தை அவர்களே திட்டமிட்டு, காய்கறி வாங்கி, பந்தி பரிமாறுகிறார்கள். ஒருமுறை சாம்பார் போதாமல் போனது, நான் குறுக்கிடவில்லை. ரசத்தை முன்கூட்டியே பரிமாறி அவர்களே சமாளித்தார்கள்.